ஓயாத கவலையும் ஓய்ந்த உடலும்

உழைத்தவன் களைப்பது இயல்பு. நாள் முழுதும் நாற்று நட்ட பெண் மாலையில் இடுப்பொடிந்து வீடு திரும்புகிறாள். இரவெல்லாம் வலை இழுத்த மீனவன் கரையேறியதும் மணலிலேயே சாய்ந்துவிடுகிறான். இவர்களுடைய களைப்புக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. ஆனால் நாற்காலியை விட்டு எழாத மாணவனும் மாலைக்குள் களைத்துப்போகிறானே, அது ஏன்? எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும், எழும்போதே சோர்ந்து எழுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் எந்தப் பாரத்தைச் சுமந்தார்கள்? மாணவச் செல்வங்களே, இக்கேள்விகளுக்கு விடை காண முயல்வதே இந்தப் பேச்சின் நோக்கமாகும்.

அவர்களும் பாரம் சுமக்கத்தான் செய்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாத பாரம். தராசில் நிறுக்க இயலாத பாரம். நம் பாட்டிமார் அதனைக் கவலை என்றார்கள். இக்காலத்து மருத்துவர்கள் மன அழுத்தம் என்கிறார்கள். பெயர் எதுவாயினும் ஆகுக. அது நாள்தோறும் விடாமல் தொடரும்போது உடலின் வலிமையை எவ்வாறு உறிஞ்சுகிறது என்பதை அறிந்துகொண்டால், நமக்கும் நன்மை. நம்மைச் சுற்றியுள்ளவர்களைச் சரியாக மதிப்பிடவும் அது உதவும்.

நான் வாழும் மணமேல்குடி, புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், பாக் நீரிணையின் கரையில் அமைந்த ஊர். அறுபத்து மூன்று நாயன்மார்களுள் ஒருவரான குலச்சிறையார் தோன்றிய ஊர் என்று பெரியபுராணம் இதனைப் போற்றுகிறது. இங்கே ஒரு பக்கம் கடல். மறு பக்கம் வயல். கடலை நம்பியவர் காற்றைப் பார்த்திருக்க வேண்டும்; வயலை நம்பியவர் மழையையும், கடைமடைக்கு வந்து சேர வேண்டிய வாய்க்கால் நீரையும் பார்த்திருக்க வேண்டும். ஆகவே காத்திருப்பது என்பது எங்கள் பகுதி மக்களுக்குப் பிறவியோடு வந்த தொழில் எனலாம். உழைப்பைவிடக் காத்திருப்பே மனிதனை அதிகமாகக் களைக்கச் செய்கிறது என்பதை நான் நூல்களில் படிப்பதற்கு முன்பே இந்த மக்களிடத்தில் கண்டிருக்கிறேன்.

ஓர் உதாரணம் கூறுகிறேன். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் மாவட்டமும் அதன் சீற்றத்திற்கு ஆளாயிற்று. அந்த இரவில் யாரும் களைப்பை உணரவில்லை. முதியவர்கள்கூடக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் விழுந்த மரங்களை வெட்டி வழி உண்டாக்கினார்கள். அத்தனை வலிமை எங்கிருந்து வந்ததென்று அவர்களுக்கே தெரியாது. களைப்பு வந்தது பின்னர். தென்னை ஒன்றை நட்டால் அது காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். விழுந்த தோப்பின் இடத்தில் வெறும் குழிகளைப் பார்த்துக்கொண்டும், வாங்கிய கடனுக்கு வட்டியை எண்ணிக்கொண்டும் இருந்த மாதங்களில்தான் திடகாத்திரமான ஆண்கள் 'உடம்பில் சத்தே இல்லை' என்று சொல்லத் தொடங்கினார்கள். புயல் ஓர் இரவில் முடிந்தது. அதைத் தொடர்ந்த கவலையோ முடியவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடே நம் பொருளின் உயிர்நாடி.

திடீரென வரும் ஆபத்தை எதிர்கொள்ள இயற்கை நம் உடலில் அருமையான ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கிறது. வரப்பில் நடந்து செல்பவனின் காலடியில் பாம்பு சரசரக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவன் சிந்திப்பதற்கு முன்பே இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு வேகமாகிறது, குருதி வயிற்றை விட்டுத் தசைகளுக்குப் பாய்கிறது, கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை வெளியே விடுகிறது, வாய் உலர்கிறது, கண்மணி விரிகிறது. சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி கவிழ்த்தாற்போல் அமைந்துள்ள அட்ரினல் என்னும் சிறு சுரப்பிகள் இதில் பெரும் பங்கு கொள்கின்றன. அவை சுரக்கும் அட்ரினலின் என்ற பொருளை 1901இல் ஜப்பானியரான ஜோகிச்சி தகாமினே தூய வடிவில் பிரித்தெடுத்துக் காட்டினார். வலியும் பசியும் அச்சமும் சினமும் உடலில் உண்டாக்கும் மாறுதல்களைக் குறித்து ஹார்வார்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்ட்டர் கேனன் 1915இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆபத்தின்போது உடல் 'போரிடு, அல்லது ஓடு' என்ற இரண்டிற்கும் தன்னைத் தயார் செய்துகொள்கிறது என்பது அவர் காட்டிய உண்மை.

அட்ரினலின் நொடிக் கணக்கில் வேலை செய்வது. அதன் பின்னால், நிமிடக் கணக்கில் வேலை செய்யும் மற்றொரு பொருள் வருகிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதாலமஸ் என்ற பகுதி, அதன் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லி அனுப்புகிறது. பிட்யூட்டரி குருதியின் வழியே அட்ரினல் சுரப்பியின் புறப்பகுதிக்குச் சொல்லி அனுப்புகிறது. அங்கே கார்ட்டிசால் சுரக்கிறது. நீண்ட நேரம் போராட வேண்டியிருந்தால் அதற்கு வேண்டிய எரிபொருளைத் திரட்டித் தருவது இதன் பணி. வேண்டிய அளவு சுரந்துவிட்டால், அந்தக் கார்ட்டிசாலே மூளைக்குச் சென்று 'போதும்' என்று அறிவிக்கிறது, சுரப்பு நிற்கிறது. கண்மாய் மதகைத் தேவைக்கேற்பத் திறந்து, வயல் நிரம்பியதும் அடைப்பது போன்ற ஏற்பாடு இது. பாம்பு ஓடிவிட்டால் அரை மணி, ஒரு மணி நேரத்திற்குள் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

ஆனால் பாம்பு ஓடாமல் அங்கேயே கிடந்தால்? கடன், நோய், பிரிவு, வேலையின்மை, தேர்வு பற்றிய அச்சம் என்பவையெல்லாம் ஓடாத பாம்புகள். அவற்றோடு போரிடவும் முடியாது. அவற்றிடமிருந்து ஓடவும் முடியாது. உடலோ, போருக்கு ஆயத்தமான நிலையிலேயே நாட்கணக்கில் நிற்கிறது.

இதனை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர் ஹான்ஸ் செல்யே. 1907இல் வியன்னாவில் பிறந்து, பிராகு நகரில் மருத்துவம் பயின்றவர். மாணவராக இருந்தபோதே அவர் ஒன்றைக் கவனித்தார். ஆசிரியர் காட்டிய நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நோய். ஆயினும் அவர்கள் எல்லோரிடமும் பொதுவாகச் சில குறிகள் காணப்பட்டன: சோர்வு, பசியின்மை, உடல் மெலிவு, நோயாளி என்று முகத்திலேயே தெரியும் வாட்டம். ஆசிரியர்கள் ஒவ்வொரு நோய்க்கும் உரிய தனிக் குறிகளையே கற்பித்தார்கள். அந்தப் பொதுக் குறிகளை யாரும் பொருட்படுத்தவில்லை. பின்னர் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் எலிகளை வைத்து ஆராய்ந்தபோது, குளிர், காயம், நஞ்சு, ஓயாத உடலுழைப்பு என எந்தத் துன்பத்தைக் கொடுத்தாலும் அவற்றின் உடலில் ஒரே வகையான மாறுதல்கள் தோன்றுவதைக் கண்டார். அட்ரினல் சுரப்பி பெருத்தது. நோய் எதிர்ப்புக்குத் துணையான தைமஸ் சுரப்பி சுருங்கியது. வயிற்றில் புண் உண்டாயிற்று. 1936இல் 'நேச்சர்' என்ற அறிவியல் ஏட்டில் மிகச் சிறிய கடிதமாக அவர் இதனை வெளியிட்டார். முதலில் எச்சரிக்கை, அடுத்துத் தாக்குப்பிடித்தல், கடைசியில் தளர்ந்துவிழுதல் என உடல் மூன்று நிலைகளைக் கடக்கிறது என்பது அவர் கொள்கை.

செல்யேயின் கொள்கையில் ஒரு பகுதி பிற்காலத்தில் திருத்தப்பட்டது. மாணவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். நெடுநாள் சுரந்து சுரந்து அட்ரினல் சுரப்பி வற்றிப்போவதால்தான் களைப்பு வருகிறது என்று பலர் எண்ணினர். இன்றும் அவ்வாறு சொல்லி மாத்திரை விற்பவர்கள் இருக்கிறார்கள். கவலையால் அட்ரினல் வற்றுவதில்லை. அச்சுரப்பி உண்மையாகவே கெட்டுப்போகும் நோய் ஒன்று உண்டு. 1855இல் தாமஸ் அடிசன் என்ற ஆங்கில மருத்துவர் அதனை விளக்கினார். அது அரிய நோய், குருதிச் சோதனையால் அறியத்தக்கது. நம்முடைய அன்றாடக் களைப்புக்கு அது காரணமன்று. சுரப்பி நன்றாகவே இருக்கிறது. மதகு திறக்கும் வேளைதான் கெடுகிறது. இயல்பான உடலில் கார்ட்டிசால் விடியற்காலையில் உயர்ந்து, எழுந்த அரை மணி நேரத்தில் உச்சத்தை அடைந்து, நள்ளிரவில் மிகத் தாழ்ந்திருக்கும். நெடுநாள் கவலையில் ஆழ்ந்தவர்களில் சிலருக்கு இரவில் தாழ வேண்டியது தாழ்வதில்லை. சிலருக்குக் காலையில் உயர வேண்டியது உயர்வதில்லை. விழித்திருக்க வேண்டிய பொழுதில் தூக்கமும், தூங்க வேண்டிய பொழுதில் விழிப்பும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புரூஸ் மெக்யூவன் என்ற அமெரிக்க அறிஞர் மற்றோர் அறிஞருடன் சேர்ந்து 1993இல் இதற்கு ஒரு பெயர் தந்தார். அதனைத் தமிழில் தேய்மானச் சுமை என்று சொல்லலாம். வண்டி மாடு பகலெல்லாம் பாரம் இழுத்தாலும், இரவில் நுகத்திலிருந்து அவிழ்த்து, தண்ணீர் காட்டி, வைக்கோல் போட்டுக் கட்டினால் மறுநாளைக்குத் தயாராகிவிடும். அவிழ்க்காமல் நுகத்தடியிலேயே நிறுத்திவைத்தால், வண்டி ஓரடி நகராவிட்டாலும் கழுத்து புண்ணாகும். பாரம் இழுத்ததால் வந்த புண் அன்று அது. அவிழ்க்காததால் வந்த புண். மன அழுத்தம் தரும் களைப்பும் அத்தகையதே.

அவ்வாறு வலிமை கழிந்துபோகும் வழிகளைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதல் வழி தூக்கம். கவலையுள்ளவன் படுத்தவுடன் உறங்குவதில்லை; உறங்கினாலும் அடிக்கடி விழிக்கிறான். தூக்கத்தின் நீளத்தைப் போலவே அதன் ஆழமும் முக்கியமானது. சென்னையில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2021இல் வெளிவந்தது. குறைந்த வருவாயுள்ள 452 பேரைக் கணிப்பொறியில் விவரம் பதியும் வேலையில் அமர்த்தி, அவர்கள் தூக்கத்தைக் கையில் கட்டிய கருவியால் அளந்தார்கள். அவர்கள் இரவில் ஏறத்தாழ 8 மணி நேரம் படுக்கையில் இருந்தார்கள். ஆனால் உண்மையில் உறங்கியது 5.5 மணி நேரமே. வெக்கையும், கொசுவும், இரைச்சலும், மனக்கவலையும் தூக்கத்தைத் துண்டுதுண்டாக வெட்டின. ஊக்கமும் வசதியும் அளித்ததில் இரவுத் தூக்கம் சராசரியாக 27 நிமிடம் கூடியது. ஆயினும் வேலையில் முன்னேற்றம் காணவில்லை. மாறாக, வேலை செய்யும் இடத்திலேயே அமைதியான மூலையில் பிற்பகலில் அரை மணி நேரம் கண்ணயர இடம் தந்தபோது, வேலைத் திறனும் கவனமும் மனநலமும் ஓரளவு மேம்பட்டன. துண்டுபட்ட தூக்கத்தை இன்னும் சிறிது நீட்டுவதைவிட, குறைந்த நேரமாயினும் இடையூறற்ற ஓய்வு அதிகப் பயன் தந்தது என்று இதனைப் புரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது வழி தசைகள். கவலையில் இருப்பவனைக் கவனித்துப் பாருங்கள். தோள்கள் உயர்ந்திருக்கும், பற்கள் கடித்திருக்கும், நெற்றி சுருங்கியிருக்கும், கை முஷ்டி பாதி மூடியிருக்கும். அடிக்க யாருமில்லாத சண்டைக்கு அவன் தசைகள் நாளெல்லாம் காத்திருக்கின்றன. மாலையில் கழுத்தும் முதுகும் வலிப்பதில் வியப்பென்ன?

மூன்றாவது வழி நோய் எதிர்ப்பு. காய்ச்சல் வந்தால் நாம் ஏன் சுருண்டு படுக்கிறோம்? நோய்க்கிருமியோடு போராடும் குருதி அணுக்கள் சில பொருள்களை வெளியிட்டு, 'இப்போது ஓய்ந்திரு' என்று மூளைக்கு அறிவிப்பதால் ஆகும். அச்சோர்வு நம் நன்மைக்கே. ஆனால் நெடுநாள் மன அழுத்தத்தில் அந்த அணுக்கள் கார்ட்டிசாலின் கட்டுப்பாட்டுக்குச் சரிவர அடங்குவதில்லை. ஆகவே காய்ச்சல் இல்லாமலே காய்ச்சல்காரனின் சோர்வு வந்துவிடுகிறது. காயம் ஆறுவதும் தாமதப்படுகிறது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 1998இல் வெளியிட்ட ஆராய்ச்சி மாணவராகிய உங்களுக்குச் சுவையாக இருக்கும். பல் மருத்துவம் பயிலும் 11 மாணவர்கள் அதற்கு முன்வந்தனர். அவர்களுடைய மேலண்ணத்தில் கோடை விடுமுறையில் ஒரு முறையும், தேர்வுக்கு மூன்று நாள் முன்பு ஒரு முறையும் ஒரே அளவான சிறு காயம் உண்டாக்கினார்கள். தேர்வுக் காலத்துக் காயம் ஆற 40 சதவீதம் அதிக காலம் பிடித்தது. விடுமுறையில் ஆறிய வேகத்தில் தேர்வுக் காலத்தில் ஆறியவர் அந்தப் பதினொருவரில் ஒருவரும் இல்லை. அதே மாணவர், அதே வாய், அதே காயம். மாறியது மனநிலை ஒன்றே.

நான்காவது வழி கவனம். நம் மூளை உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் நூற்றுக்கு 20 பங்கை அதுவே பயன்படுத்துகிறது. கவலைப்படுவதால் இச்செலவு பெரிதாகக் கூடுவதில்லை. கவலை செய்வது வேறு. அது மூளையின் நல்ல இடத்தைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, படிப்புக்கும் வேலைக்கும் மூலையிடத்தை விடுகிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 ஊர்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்திய ஆராய்ச்சி 2013இல் 'சயின்ஸ்' என்ற ஏட்டில் வெளிவந்தது. கரும்புக்குப் பணம் அறுவடைக்குப் பின் மொத்தமாக வரும். அதற்கு முந்திய மாதங்களில் கையில் காசு இருக்காது. அடகும் கடனுமாகக் காலம் ஓடும். அதே விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன் ஒரு முறையும், பின் ஒரு முறையும் புதிர்களைக் கொடுத்துச் சோதித்தார்கள். பணத் தட்டுப்பாட்டில் இருந்தபோது தவறுகள் மிகுந்தன. பணம் வந்தபின் அதே மனிதர்கள் அதே வகைப் புதிர்களை நன்றாகச் செய்தார்கள். பணக் கவலை அறிவுக்குரிய இடத்தை அடைத்துக்கொள்வதே இதற்குக் காரணம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. இதன் அளவு எவ்வளவு என்பதில் அறிஞர்களிடையே வாதம் உண்டு. ஆயினும் ஒருவனுடைய அறிவு குறைவு என்று முடிவு கட்டுமுன், அவன் எந்தப் பருவத்தில் நிற்கிறான் என்று கேட்க வேண்டும் என்னும் படிப்பினை தெளிவானது.

ஐந்தாவது வழி பழக்கம். கவலையுள்ளவர் வேளைக்கு உண்பதில்லை. உண்டால் இனிப்பும் பொரித்ததுமாக உண்கிறார். நடப்பதை நிறுத்திவிடுகிறார். களைப்பைப் போக்கத் தேநீர் மேல் தேநீர் அருந்துகிறார். நாள் ஏற ஏற மூளையில் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கும் ஒரு பொருளைத் தேநீரிலும் காப்பியிலும் உள்ள காஃபீன் சற்று நேரம் மறைத்து வைக்கிறது, களைப்பைப் போக்குவதில்லை. மாலை 5 மணிக்குக் குடித்த காப்பியின் காஃபீனில் ஏறத்தாழ ஒரு பாதி இரவு 10 மணிக்கும் உடலில் இருக்கும். ஆகவே அது வட்டிக்கு வாங்கிய சுறுசுறுப்பு. இரவெல்லாம் கைப்பேசியைப் பார்த்திருப்பதும் அதே கணக்கில் சேரும்.

இந்த ஐந்தும் தனித்தனியே நிற்பதில்லை. ஒன்றை ஒன்று வளர்க்கின்றன. தூக்கம் கெட்டால் கவனம் கெடும். கவனம் கெட்டால் வேலை தேங்கும். வேலை தேங்கினால் கவலை பெருகும். கவலை பெருகினால் தூக்கம் மேலும் கெடும். இச்சுழலில் அகப்பட்டவனைக் கரையில் நிற்பவர்கள் எளிதாகச் சோம்பேறி என்று பெயரிட்டு விடுகிறார்கள்.

நான் தலைமையாசிரியராக இருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் முதல் பாட வேளையிலேயே உறங்கிவிடுகிறான் என்று ஓர் ஆசிரியர் என்னிடம் கூறினார். முந்திய ஆண்டில் நன்றாகப் படித்த பையன். அழைத்து, அருகில் உட்காரவைத்து, என்னப்பா உடம்புக்கு என்று கேட்டேன். "உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஐயா. அசதியாக இருக்கிறது" என்றான். வீட்டைப் பற்றிக் கேட்டபோதுதான் செய்தி வெளிவந்தது. அவன் தந்தை விசைப்படகில் வேலைக்குச் சென்றவர். எல்லை கடந்ததாக இலங்கைக் கடற்படையினரால் பிடிக்கப்பட்டுச் சிறையில் இருந்தார். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே 1974இலும் 1976இலும் ஏற்பட்ட உடன்பாடுகள் வகுத்த கடல் எல்லை, எங்கள் பகுதிக் குடும்பங்களின் உறக்கத்தின் மீது கிடக்கும் கோடாகும். அந்தப் பையன் இரவில் தாயின் அழுகையைக் கேட்டவாறு விழித்திருப்பான். தெருவில் யாராவது பேசினால் தந்தையைப் பற்றிய செய்தியோ என்று எழுந்து உட்காருவான். ஐந்து வாரங்களாக இந்த நிலை.

அவனுக்கு நாங்கள் செய்தது மிகவும் சிறியது. பகல் உணவுக்குப் பின் அரை மணி நேரம் நூலக அறையில் படுக்க இடம் தந்தோம். தேங்கிய பாடங்களை ஒரே சமயத்தில் கேட்காமல் வாரத்திற்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தோம். நாள்தோறும் மாலையில் அவனோடு ஐந்து நிமிடம் பேசும் பொறுப்பை ஓர் ஆசிரியர் ஏற்றுக்கொண்டார். தந்தை ஊர் திரும்பிய பிறகு, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் அதன் பிறகும் ஒரு மாதத்திற்கு மேல் அவனுடைய அசதி நீங்கவில்லை. காரணம் நீங்கிய அன்றே களைப்பும் நீங்கும் என்பது தவறான எதிர்பார்ப்பு. நெடுநாள் காவல் நின்ற உடல், பகை அகன்றது என்று நம்புவதற்கே சில வாரங்கள் கேட்கிறது. இதனைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

சோம்பல் வேறு, சோர்வு வேறு. வள்ளுவர் இந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்தவர். மடியின்மை என்று ஓர் அதிகாரமும், இடுக்கண் அழியாமை என்று வேறோர் அதிகாரமும் அவர் வகுத்திருப்பதை எண்ணிப் பாருங்கள். சோம்பலுக்கு மருந்து வேறு. துன்பத்துக்கு மருந்து வேறு. அடையாளம் காண்பது எப்படி? சோம்பலுள்ளவன் தனக்குப் பிடித்த விளையாட்டு என்றால் எழுந்து ஓடுவான். சோர்ந்தவனுக்கோ பிடித்த விளையாட்டும் பாரமாகிவிடுகிறது. சோம்பலுள்ளவன் ஓய்வை விரும்பி அனுபவிக்கிறான். சோர்ந்தவனுக்கு ஓய்வும் ஓய்வாக இருப்பதில்லை. சோர்ந்தவனைச் சோம்பேறி என்று திட்டினால், ஏற்கெனவே உள்ள பாரத்தின் மீது இன்னொரு மூட்டையை ஏற்றியவர்கள் ஆகிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். எல்லாக் களைப்பும் கவலையால் வருவதன்று. நம் நாட்டில் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தச் சோகை உள்ளவர்கள். மாணவிகள் இதனை மனத்தில் கொள்ள வேண்டும். தைராய்டு குறைவு, நீரிழிவு, காசநோய் முதலியவையும் களைப்பாகவே தொடங்கலாம். ஆகவே இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் அசதி நீடித்தால், 'மனக்கவலைதான்' என்று தாமே முடிவு செய்யாமல், ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று குருதிச் சோதனை செய்துகொள்வதே அறிவுடைமை. எதிலும் விருப்பமின்மையும், தாங்க முடியாத துயரமும், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணமும் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. நடுவண் அரசு 2022இல் தொடங்கிய மனநல உதவித் தொலைபேசி எண் 14416. எந்நேரமும் கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். உதவி கேட்பது கோழைத்தனமன்று. கடலில் படகு பழுதானால் கைத்துணியை ஆட்டி அடுத்த படகை அழைக்கும் மீனவனை யாராவது கோழை என்று சொல்வார்களா?

இனி, நாமே செய்துகொள்ளத்தக்கவை எவை? கவலைக்குக் காரணமானவற்றை எல்லாம் நீக்குவது பெரும்பாலும் நம் கையில் இல்லை. கடற்கரையோரத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை உண்டு. அந்த நாட்களின் வருமானக் கவலையை மூச்சுப் பயிற்சியால் போக்கிவிடலாம் என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். வறுமைக்கு மருந்து வேலையும் கூலியும் உதவித்தொகையுமே. அது சமுதாயத்தின் கடமை. ஆனால் மாட்டின் பாரத்தைக் குறைக்க முடியாத வண்டிக்காரனும் இரவில் நுகத்தை அவிழ்க்கலாம் அன்றோ? நாளில் சிறிது நேரமாவது நுகத்தை அவிழ்க்கும் வழிகளைச் சொல்கிறேன்.

உறங்கும் நேரமும் எழும் நேரமும் நாள்தோறும் ஒன்றாக இருக்கட்டும். 13 முதல் 18 வயதுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். தேர்வுக்கு முந்திய இரவு விழித்துப் படித்தவை பெரும்பாலும் நினைவில் நிற்பதில்லை. ஏனெனில் படித்ததை மூளை பதித்துக்கொள்வது உறக்கத்தில்தான். காலையில் வெயில் ஏறுமுன் அரை மணி நேரம் நடங்கள். களைத்தவனை நடக்கச் சொல்கிறாரே என்று எண்ண வேண்டா. மிதமான நடை களைப்பைக் குறைக்கிறது. காலை வெளிச்சம் உடலின் கடிகாரத்தைச் சரி செய்கிறது. கவலை நெஞ்சை அடைக்கும்போது, மூச்சை இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரம் நீளமாக இருக்குமாறு சில நிமிடங்கள் மெதுவாக மூச்சு விடுங்கள். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணிவது உடலின் இயல்பு. பிற்பகலுக்குப் பின் காப்பியும் தேநீரும் வேண்டா.

மனத்தில் சுழலும் கவலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். இன்று செய்யக்கூடியது எது, செய்ய முடியாதது எது என்று இரண்டாகப் பிரியுங்கள். செய்யக்கூடியதில் மிகச் சிறிய ஒன்றை அன்றே முடியுங்கள். பெருங்கவலையைச் சிறு வேலைகளாக உடைப்பது பெரும் மரத்தை விறகாகப் பிளப்பது போன்றது. மரமாகக் கிடந்தால் அதை அசைக்க முடியாது, விறகானால் ஒவ்வொன்றாக எடுத்துச் செல்லலாம். எல்லாவற்றிலும் மேலாக, நம்பத்தக்க ஒருவரிடம் பேசுங்கள். தாயோ, தாத்தாவோ, ஆசிரியரோ, தோழனோ, யாராயினும் சரி. நம் ஊர்த் திண்ணைகளில் மாலை வேளையில் நடந்த பேச்சுக்கு மருத்துவ நூல்களில் பெயரில்லை. ஆனால் அது செய்த வேலை மருத்துவமே.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு சொல். பிள்ளை களைத்திருக்கக் கண்டால் முதலில் 'ஏன் படிக்கவில்லை' என்று கேளாதீர்கள். 'இரவு தூங்கினாயா' என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி, பிள்ளை மறைத்து வைத்திருக்கும் பலவற்றுக்குக் கதவு திறக்கும். நான் 35 ஆண்டுகள் வகுப்பறையில் கழித்தவன். அறிவுக் குறையால் தோற்ற மாணவர்களைவிட, சொல்ல இயலாத கவலையால் தளர்ந்து பின்தங்கிய மாணவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன்.

மாணவர்களே, களைப்பு என்பது உடல் நமக்கு எழுதும் கடிதம். அதைக் கிழித்தெறிந்து மேலும் ஓடுவதும் தவறு. அதைப் படித்துவிட்டு 'என்னால் இனி ஆகாது' என்று உட்கார்ந்துவிடுவதும் தவறு. பொறுமையாகப் படித்து, அது கேட்பதைக் கொடுக்க வேண்டும். அது உணவைக் கேட்கலாம், உறக்கத்தைக் கேட்கலாம், மருந்தைக் கேட்கலாம், பல வேளைகளில் மனம் விட்டுப் பேச ஒரு மனிதரைக் கேட்கும். உங்கள் பக்கத்து இருக்கையில் தலை கவிழ்ந்திருக்கும் தோழனுக்கு அந்த மனிதராக நீங்கள் இருக்க முடியும். படித்தவர் என்று பெயர் பெறுவதற்கு அதுவும் ஒரு தகுதியே ஆகும்.